"பிராய்லர்னா அப்படித்தான்" என்று விட்டுவிட வேண்டியதில்லை

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கம் ஒரு கிராமத்தில் ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்க்கிறோம். 5,000 சதுர அடி ஷெட். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி தருகிறது. ஷெட்டும் கரண்டும் ஆள் வேலையும் எங்களுடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. ஐந்தாவது வாரம் வந்தால் நிறையக் கோழிகள் எழுந்து நடக்காமல் உட்கார்ந்தே கிடக்கின்றன. பாதத்தில் கறுப்பாகப் புண். காலையில் உள்ளே போனால் நெடி கண்ணைக் கரிக்கிறது. கேட்டால், "பிராய்லர்னா அப்படித்தான்க்கா" என்கிறார் சூப்பர்வைசர். லீவுக்கு விடுதியிலிருந்து வந்த மகள், "இது பாவமில்லையாம்மா, இந்தத் தொழிலே நமக்கு வேண்டாம்" என்கிறாள். அடுத்த பேட்ச் மாசிக் கடைசியில் இறக்குகிறோம். இந்த முறை 5,500 குஞ்சு என்கிறார்கள். கோழியும் எங்களுடையது இல்லை, தீவனமும் எங்களுடையது இல்லை. கூலி குறையாமல் இந்தக் கோழிகளுக்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?

ஒரு வாசகி, திருப்பூர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

கோழி உங்களுடையது இல்லை என்பது கணக்குப் புத்தகத்தில் சரி. ஆனால் அது மிதிக்கும் தரை, இழுக்கும் மூச்சு, தூங்கும் நேரம், கடைசி இரவில் அதைத் தூக்கும் கை, இந்த நான்கும் உங்கள் ஷெட்டுக்குள்தான் இருக்கின்றன. நீங்கள் எழுதிய தொந்தரவுகளில் பெரும்பகுதி இவற்றிலிருந்து வருபவை. கோழியின் இனமும் அது வளரும் வேகமும் உங்கள் கையில் இல்லை. அதைப் பற்றியும் கடைசியில் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் பாதத்தைப் பார்ப்போம். அடுத்த பேட்சில் பதினைந்தாம் நாள் வாக்கில், ஷெட்டின் நான்கு மூலையிலும் நடுவிலும் இடத்துக்குப் பத்துக் கோழி வீதம் தூக்கிப் பாருங்கள். ஒரு கையால் நெஞ்சைத் தாங்கி, காலைத் திருப்பி, ஈரத்துணியால் பாதத்தை ஒற்றித் துடையுங்கள். ஒட்டிய சாணி போய்விடும், புண் போகாது. நல்ல பாதம் வெளிர் மஞ்சளாக, செதில் செதிலாக இருக்கும். நடுத்திண்டில் பழுப்பு நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் அது தொடக்கம். கறுத்துத் தடித்து, ஓரம் வீங்கியிருந்தால் அந்தக் கறுப்புப் பொருக்குக்கு அடியில் தோல் வெந்து குழி விழுந்திருக்கிறது என்று பொருள். அப்படியே காலின் பின்பக்க மடிப்பு மூட்டையும் பாருங்கள். அங்கே பழுப்புத் தழும்பு இருந்தால் அந்தக் கோழி பல மணி நேரம் ஈரத்தில் உட்கார்ந்தே இருந்திருக்கிறது.

எல்லோரும் முப்பத்தைந்தாம் நாள் கறுத்த பிறகுதான் பார்க்கிறார்கள். பழுப்புப் புள்ளியாக இருக்கும்போதே தரை காய்ந்துவிட்டால் பாதம் தானாக ஆறிவிடும். அதனால்தான் பதினைந்தாம் நாள் என்கிறேன்.

இந்தப் புண்ணுக்கு மருந்து ஊற்றிப் பயனில்லை. எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை ஈரம் கிடைத்ததும் பாக்டீரியாக்கள் உடைத்து அமோனியா ஆக்குகின்றன. பாதத்தைப் புண்ணாக்குவது அந்த ஈரமும் எச்சமும். உங்கள் கண்ணைக் கரிப்பதும் அதே ஈரத்தில் பிறந்த அமோனியாதான். ஆக நீங்கள் எழுதிய இரண்டு தொந்தரவுக்கும் வேர் ஒன்று: ஈரம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள்தான் தேட வேண்டும். உங்கள் பகுதியில் தேங்காய் நார்க்கழிவுதான் ஷெட் தரையில் பரப்பும் கூளம். நன்றாகக் காய்ந்தால் அருமையான பொருள். ஆனால் மில்லிலிருந்து வரும்போதே பல சமயம் பாதி ஈரமாகத்தான் வருகிறது. லாரி வந்த அன்றே பரப்பிக் குஞ்சையும் இறக்கினால் முதல் நாளே தோற்றுவிட்டோம். பூஞ்சை பிடித்த நார்க்கழிவு குஞ்சின் நுரையீரலையும் கெடுக்கும். களத்தில் போட்டு நன்றாகக் காயவைத்த பிறகு இரண்டு மூன்று அங்குலம் பரப்புங்கள். கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கிவிட்டு விரலைத் திறந்து பாருங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். லேசாகச் சேர்ந்து உடனே வெடித்து உதிர்ந்தால் சரியான பதம். சேரவே இல்லை என்றால் தூசி பறக்கும், அதுவும் சளிக்கு வழி.

அடுத்தது ட்ரிங்கர், அதாவது கோழி தண்ணீர் குடிக்கும் கலம். கொத்தினால் சொட்டும் நிப்பிளா, மணிபோல் தொங்கும் மணி ட்ரிங்கரா என்று நீங்கள் எழுதவில்லை. மணி ட்ரிங்கர் என்றால் அதன் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்கு இருக்க வேண்டும். கோழி வாரத்துக்கு வாரம் உயரும், ட்ரிங்கர் கட்டிய இடத்திலேயே நிற்கும். பிறகு கோழி தண்ணீரைச் சிந்துகிறது என்று கோழியைக் குறை சொல்வோம். நிப்பிள் என்றால் பெரிய கோழி கழுத்தை நன்றாக மேலே நீட்டிக் குடிக்கும் உயரம் வேண்டும், அழுத்தமும் அளவாக இருக்க வேண்டும். உங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அந்தப் படிவு நிப்பிளின் ஊசியில் உட்கார்ந்தால் இரவெல்லாம் சொட்டும். உப்புத் தண்ணீரைக் குடித்தால் கழிச்சலும் நீர்த்துப் போகும். ஒருமுறை தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள். அந்த அறிக்கை சூப்பர்வைசரிடம் பேசும்போதும் கைகொடுக்கும். தீவனத்தில் உப்பு கூடினாலும் இதே நீர்க்கழிச்சல்தான் வரும், அதைக் கேட்க வேண்டிய இடம் கம்பெனி.

தினமும் காலையில் கூளத்தைக் கிளறிவிடுங்கள். ட்ரிங்கருக்கு அடியில் அடைபோல் இறுகியதைக் கிளறி உள்ளே புதைக்காமல், வெட்டி வெளியே அள்ளிவிட்டு அங்கே புதிதாகக் காய்ந்ததைப் போடுங்கள். ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஈரம் கண்ட இடத்தில் சுண்ணாம்பு தூவும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கோழி உள்ளே இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள். சுண்ணாம்பு காரத்தைக் கூட்டும், காரம் கூடினால் கூளத்தில் அடங்கியிருக்கும் அமோனியா வேகமாகக் கிளம்பும். நெடி அன்றைக்கே அதிகமாகும். சுண்ணாம்புக்கு இடம் உண்டு, ஆனால் அது பேட்ச் முடிந்து ஷெட் காலியான பிறகு, கழுவிய தரைக்கு.

நெடியை எப்படி அளப்பது? கருவி இல்லாமலே ஓரளவு முடியும். காலையில் ஷெட்டின் பக்கவாட்டுப் படுதாவைத் திறப்பதற்கு முன் உள்ளே போய்க் குத்துக்காலிட்டு, உங்கள் முகம் கோழியின் உயரத்தில் இருக்கும்படி ஒரு நிமிடம் உட்காருங்கள். நிற்கும்போது நமக்குக் கிடைக்கும் காற்று வேறு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கோழிக்குக் கிடைக்கும் காற்று வேறு. அங்கே கண் எரிந்தால் அளவு மீறியாயிற்று. சதுர மீட்டருக்கு 33 கிலோ கோழிக்கு மேல் வைக்கும் ஷெட்களுக்கு ஐரோப்பியச் சட்டம், கோழியின் தலை உயரத்தில் பத்து லட்சத்துக்கு 20 பங்குக்கு மேல் அமோனியா கூடாது என்கிறது. நெடியைச் சரியாக உணர்வது புதிதாக உள்ளே வருபவரின் மூக்குதான். தினமும் போய்வரும் நமக்கு மூக்கு பழகிவிடும். உங்கள் மகள் விடுதியிலிருந்து வந்த அன்று மூக்கைப் பொத்தியிருந்தால், அவள் சொன்னதுதான் சரியான அளவு. கோழிக்கோ பொத்திக்கொள்ள வழியில்லை. இரவும் பகலும் அதே காற்றுதான். கண்ணை மூடிக்கொண்டு இறக்கையால் முகத்தைத் தேய்க்கும் கோழிகளைப் பார்த்திருப்பீர்கள். கருவிழியில் புண் வந்துவிட்டது என்று அர்த்தம். அது தண்ணீரைத் தேடிப் போவதும் சிரமம்.

காற்றுக்குப் படுதாதான் சாவி. உங்கள் பகுதியில் நிறைய ஷெட்களில் படுதாவை மேலே கட்டித் தொங்கவிட்டு, கீழிருந்து சுருட்டித் திறக்கிறார்கள். இதனால் குளிர்காற்று நேராகக் குஞ்சின் மேல் விழுகிறது, கெட்ட காற்று கூரைக்கடியிலேயே தங்குகிறது. குஞ்சு நடுங்குகிறதே என்று படுதாவை முழுக்க மூடுகிறோம், நெடி ஏறுகிறது. இதைத் தலைகீழாக மாற்றுங்கள். படுதாவைக் கீழே, பக்கச்சுவரோடு சேர்த்துக் கட்டி, மேலிருந்து இறக்கும்படி கயிறும் கப்பியும் போடுங்கள். குஞ்சுப் பருவத்தில்கூட மேலே ஒரு சாண் எப்போதும் திறந்தே இருக்கட்டும். சூடான கெட்ட காற்று மேலே போய்விடும், குஞ்சின் மேல் காற்று அடிக்காது. கரி அடுப்பு வைத்து சூடு கொடுக்கிறீர்கள் என்றால் இந்தத் திறப்பு உயிர்ப் பிரச்சினை. மூடிய ஷெட்டில் கரிப்புகை குஞ்சையும் கொல்லும், உள்ளே இருக்கும் ஆளையும் கொல்லும். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் மாதங்களில் மேற்குப் பக்கத்தை மட்டும் கூடுதலாக ஏற்றி, மற்ற பக்கங்களில் மேல்திறப்பை விடுங்கள்.

சூடு சரியா என்பதைக் குஞ்சுகள் படுத்திருக்கும் விதமே சொல்லிவிடும். சூடு தரும் ப்ரூடருக்கடியில் குவிந்து கத்தினால் குளிர். விளிம்புக்கு ஓடி வாய்திறந்து நின்றால் சூடு. ஒரே பக்கமாக ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்திருந்தால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் தூக்கம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரவு முழுக்க பல்பு எரிகிறது என்றே நினைக்கிறேன். விளக்கு எரிந்தால் தின்னும், தின்றால் எடை கூடும் என்று சொல்லிச் சொல்லி எல்லோரும் நம்பிவிட்டோம். கனடாவின் சஸ்காட்சுவான் பல்கலைக்கழகத்தில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். 23 மணி நேர வெளிச்சத்தில் வளர்ந்த கோழிகளைவிட 20 மணி நேர வெளிச்சமும் 4 மணி நேர இருட்டும் கிடைத்த கோழிகளே எடை கூடுதலாக வந்தன. இருட்டு கூடியபோது நடை நன்றாக இருந்தது, இறப்பும் குறைந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007-ஆம் ஆண்டு விதி, நாளுக்கு மொத்தம் 6 மணி நேர இருட்டு, அதில் 4 மணி நேரமாவது இடைவிடாமல் வேண்டும் என்கிறது.

முதல் வாரம் வெளிச்சம் தேவை, குஞ்சு தீவனத்தையும் தண்ணீரையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏழாம் நாளுக்குப் பிறகு தினமும் ஒரே நேரத்தில் அணையுங்கள். முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு, அப்படியே ஏற்றி இரவு 10 முதல் 4 வரை கொண்டுபோகலாம். வெயில் காலத்தில் பகலில் தின்னாத கோழி இரவில்தான் தின்னும். அப்போது 9 முதல் 1 வரை நான்கு மணி நேரம் இருட்டு கொடுத்து, பின்னிரவுக் குளிர்ச்சியில் தின்ன விடுங்கள். விளக்கு போட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் தீவனம் வைக்கும் ஃபீடருக்கு ஓடும், ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக் கீறிக்கொள்ளும். ஃபீடர் எண்ணிக்கை போதுமா என்று அந்த நேரத்தில் நின்று பாருங்கள். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. இருட்டே தெரியாமல் வளர்ந்த கோழிகள் திடீரென்று கரண்ட் போனால் மிரண்டு ஒரு மூலையில் குவிந்து மூச்சுமுட்டிச் சாகும். இருட்டுக்குப் பழகியவை அப்படியே உட்கார்ந்துவிடும்.

இப்போது நடக்காத கோழிகளுக்கு வருகிறேன். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் 1957-ஆம் ஆண்டு ரகத்தையும் 2005-ஆம் ஆண்டு பிராய்லர் ரகத்தையும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்தது. 2014-இல் வெளியான அந்த ஆய்வில், 56 நாளில் பழைய ரகம் 905 கிராம், புதிய ரகம் 4,202 கிராம். ஊசியோ ஹார்மோனோ காரணம் இல்லை, தலைமுறை தலைமுறையாக வேகத்துக்கென்றே தேர்ந்தெடுத்த இனப்பெருக்கம். நெஞ்சுச் சதை வளரும் வேகத்துக்கு எலும்பு முற்றுவதில்லை. கால் எலும்பின் நுனியில் குருத்தெலும்பு எலும்பாக மாறாமலே பாரம் ஏறிவிடுகிறது, சிலவற்றில் அந்த இடத்தில் கிருமியும் புகுந்துவிடுகிறது.

"உட்கார்ந்தே கிடப்பது சோம்பல், வலி இல்லை" என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 2000-ஆம் ஆண்டு வெளியான ஒரு ஆய்வில், நொண்டும் கோழிகளுக்கும் நன்றாக நடக்கும் கோழிகளுக்கும் இரண்டு வகைத் தீவனம் வைத்தார்கள். ஒன்றில் மட்டும் வலிநிவாரணி கலந்திருந்தது. நொண்டும் கோழிகள் அந்த வலிநிவாரணித் தீவனத்தையே கூடுதலாகத் தேடித் தின்றன. நொண்டல் எவ்வளவு மோசமோ அவ்வளவு அதிகமாக. உங்கள் மகளுக்கு இதைச் சொல்லுங்கள். அவள் கண்டுகொண்டது உண்மை.

நொண்டலை முழுக்க நிறுத்த உங்களால் முடியாது, குறைக்க முடியும். காய்ந்த தரையும் இருட்டு நேரமும் அதற்கும் மருந்து. கோழி நடக்க ஒரு காரணமும் வேண்டும். மூங்கிலும் பலகையும் கொண்டு ஒரு சாணுக்கும் குறைவான உயரத்தில், ஏறிப்போகச் சரிவுள்ள மேடைகள் சில போட்டுப் பாருங்கள். குச்சியில் ஏறி உட்காரக் கனத்த பிராய்லருக்கு வராது, மேடையில் ஏறும். கழுவி உலர்த்தக்கூடியதாக இருந்தால் சூப்பர்வைசர் தடுக்கக் காரணமில்லை. தரை உலர்ந்திருந்தால் கூளத்தில் மண்குளியல் போடுவதையும் பார்ப்பீர்கள். பிராய்லர் அதையெல்லாம் மறந்துவிட்டது என்பது தவறு, இடம் கிடைத்தால் செய்யும்.

எழவே முடியாத கோழியை என்ன செய்வது? இதைத்தான் பலரும் எழுதத் தயங்குகிறார்கள். காலையும் மாலையும் ஷெட்டின் நீளத்துக்கு மெதுவாக நடந்து போங்கள். கூட்டம் விலகும்போது விலகாமல் கிடப்பது, இறக்கையை ஊன்றி நகர்வது, தண்ணீருக்குப் போகாமல் அலகு காய்ந்திருப்பது, இவற்றை அன்றைக்கே தனியாக எடுங்கள். லேசாக நொண்டுவதை ஒரு மூலையில் வலைத்தடுப்புக்குள் தாழ்ந்த ட்ரிங்கரும் தீவனமும் வைத்து விட்டால் சில தேறும். தேறாது என்று தெரிந்ததை விட்டுவைக்காதீர்கள். கொன்றால் அது மோர்ட்டாலிட்டி (இறப்பு) கணக்கில் ஏறும் என்பதால் பலர் தானாகச் சாகட்டும் என்று ஓரமாகத் தள்ளிவிடுகிறார்கள். அது மூன்று நாள் தாகத்தில் கிடந்து பிறகு அதே கணக்கில்தான் ஏறுகிறது. கழுத்தெலும்பைச் சட்டென்று விலக்கும் முறை சில விநாடியில் முடிந்துவிடும். ஆனால் எழுத்தில் படித்துச் செய்யக்கூடாது. கம்பெனி மருத்துவரையோ உங்கள் ஊர் கால்நடை மருத்துவரையோ கேட்டு, உங்கள் வீட்டில் மனமும் கையும் உறுதியான ஒருவர் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்து 5,500 குஞ்சு. கணக்குப் போடுவோம். உங்கள் 5,000 சதுர அடி ஏறக்குறைய 465 சதுர மீட்டர். ஒரு கோழி 2.2 கிலோ ஆனதும் விற்பனைக்குத் தூக்குவதாக வைத்தால், 5,000 கோழிக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிலோ, 5,500-க்கு 26 கிலோ. ஐரோப்பியச் சட்டத்தின் அடிப்படை உச்சவரம்பு 33 கிலோ. "அவங்களே அவ்வளவு வைக்கிறாங்க" என்று உங்களிடம் காட்டக்கூடும். அந்த 33 பெரும்பாலும் மின்விசிறியால் காற்று இழுக்கும் மூடிய ஷெட்டுக்கு, அவர்கள் ஊர் வெயிலுக்கு. உங்களுடையது காற்றை நம்பியிருக்கும் திறந்த ஷெட். மாசிக் கடைசியில் இறக்கும் குஞ்சு தன் கனத்த கடைசி வாரத்தைச் சித்திரை வெயிலில்தான் கழிக்கும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தால் வயிற்றுக்கடியில் சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கும். 500 கோழி கூடினால் 1,100 கிலோவுக்குக் கூலி கூடும் என்று கம்பெனி சொல்லும், உண்மைதான். ஆனால் ஒரு பகல் அனல் அடித்தால் முதலில் விழுவது நன்றாக வளர்ந்த கனமான கோழிகள், அதுவரை தின்ற தீவனம் முழுதும் ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு தீவனம் என்று பார்க்கும் உங்கள் எஃப்.சி.ஆர். கணக்கில் நிற்கும். எனவே என் பதில், இந்த பேட்சுக்கு 5,500 வேண்டாம். 4,500 என்று கேளுங்கள், 5,000-க்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள். கார்த்திகை, மார்கழியில் இறக்கும்போது வேண்டுமானால் 5,000 முழுதாக வைக்கலாம். 4,500 என்றால் கூலியில் கொஞ்சம் குறையலாம். கோழி நலத்தில் எல்லாமே லாபத்தோடு வரும் என்று நான் சொல்லமாட்டேன். தரை, காற்று, இருட்டு மூன்றும் பணத்தைத் திருப்பித் தரும். இடம் எப்போதும் திருப்பித் தருவதில்லை, வெயிலில் மட்டும் பெரும்பாலும் தரும்.

வெயிலுக்குச் சில வேலைகளைப் பங்குனிக்கு முன்பே முடித்துவிடுங்கள். கூரைத் தகட்டுக்கு வெள்ளை அடிப்பது, மேலே தென்னங்கீற்று வேய்வது, உள்ளே கோழி மட்டத்தில் காற்று அடிக்கும் மின்விசிறி. காலை 10 மணிக்கு ஃபீடரை உயர்த்திவிட்டு மாலை 5-க்கு மேல் இறக்குங்கள், செரிக்கும் சூடும் வெயில் சூடும் ஒன்று சேரக்கூடாது. தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் நின்றால் மதியம் குழாயில் வருவது வெந்நீர், அதைக் கோழி குடிக்காது. தொட்டிக்குப் பந்தல் போட்டு ஈரச்சாக்கு சுற்றுங்கள், மதியம் ஒருமுறை லைனில் தேங்கிய சூட்டு நீரைத் திறந்துவிடுங்கள். தண்ணீரைப் பனிபோல் தெளிக்கும் ஃபாகர் உங்கள் பக்கத்து வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும், கூடவே காற்றோட்டம் இருந்தால் மட்டும். காற்று அசையாத நாளில் ஃபாகர் ஓட்டினால் புழுக்கம் கூடிக் கோழிக்கு மூச்சிரைத்தும் பயனில்லாமல் போகும்.

கோழியைப் பிடித்து லாரியில் ஏற்றும் லிஃப்டிங் இரவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. முப்பத்தெட்டு நாள் பார்த்துப் பார்த்து வளர்த்த கோழி ஒரு மணி நேரத்தில் காலும் இறக்கையும் முறிந்து லாரி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். பிடிக்க வருபவர்கள் வியாபாரியின் ஆட்கள், அவர்களுக்குப் பெட்டிக் கணக்கில் கூலி. இருந்தாலும் ஷெட் உங்களுடையது, அங்கே நீங்கள் பேசலாம். ஒற்றைக் காலில் பிடித்துத் தூக்கினால் இடுப்பு மூட்டு நழுவி உள்ளே ரத்தம் கசியும். இரண்டு காலையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள், ஒரு கைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். கனத்த கோழியை நெஞ்சோடு அணைத்துத் தூக்குவதே நல்லது. விளக்கைக் குறைத்து நீல பல்பு மட்டும் போட்டால் கோழி ஓடாது, அவர்களுக்கும் வேலை சீக்கிரம் முடியும். பலகையை வைத்துச் சிறுசிறு கூட்டமாகத் தடுத்துப் பிடித்தால் மூலையில் குவிந்து சாவதும் நிற்கும். தீவனத்தை முன்கூட்டியே உயர்த்துவது சரி, ஷெட்டில் தொடங்கி அறுக்கும்வரை மொத்தம் 8 முதல் 12 மணி நேரம் போதும். தண்ணீரைக் கடைசிக் கோழி பிடிபடும்வரை நிறுத்தாதீர்கள். பெட்டியில் ஏற்றிய லாரி நிற்கக்கூடாது, ஏற்றி முடிந்ததும் கிளம்ப வேண்டும், ஓடும்போதுதான் அந்தப் பெட்டிகளுக்குள் காற்று போகும். வேண்டாத வலி தரும்படி எந்த உயிரையும் தூக்கிச் செல்வது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம். இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம், சூப்பர்வைசர் இருக்கும்போது ஒருமுறை நிதானமாகச் சொல்லி வையுங்கள். ஆட்களுக்குக் குடிக்க ஏதாவது கொடுத்து, அவசரம் வேண்டாம் என்று நீங்கள் பக்கத்தில் நின்றாலே பிடிக்கும் விதம் மாறும்.

இப்போது உங்கள் கையில் இல்லாத பங்கு. வேகமாக வளரும் அந்த இனத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஐரோப்பாவில் 2017 முதல் பல நிறுவனங்கள் ஒரு பொது வாக்குறுதியில் கையெழுத்திட்டு வருகின்றன. மெதுவாக வளரும் இனம், சதுர மீட்டருக்கு 30 கிலோவுக்கு மிகாத இடம், பகலில் பிரகாசமான வெளிச்சம், ஏறி உட்கார மேடை ஆகியவை அதில் அடக்கம். நம் நாட்டிலும் சட்ட ஆணையம் 2017 ஜூலையில் தன் 269-ஆவது அறிக்கையில் முட்டைக்கோழி, கறிக்கோழி இரண்டையும் வைத்திருப்பதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் விதிகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. உங்கள் மகள் கேட்கும் கேள்வியை இத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தொழிலை விடுவதா என்பது உங்கள் குடும்பம் முடிவு செய்ய வேண்டியது. ஷெட் கடன் எவ்வளவு நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. மகள் நாட்டுக்கோழிக்கு மாறலாம் என்றால், அது கால் வலி இல்லாத கோழிதான், சந்தேகமில்லை. ஆனால் நான்கு மாதத்துக்கு மேல் வளர்க்க வேண்டும், விற்பனையும் உங்கள் தலையில். தடுப்பூசி தவறினால் வெள்ளைக்கழிச்சல் ஒரே வாரத்தில் ஷெட்டைக் காலி செய்துவிடும், நெருக்கி அடைத்தால் நாட்டுக்கோழியும் ஒன்றையொன்று கொத்திக் குதறும். மாறுவதாக இருந்தால் முதலில் இருநூறு குஞ்சோடு பிராய்லர் ஷெட்டிலிருந்து தள்ளி வேறு இடத்தில் பழகிப் பாருங்கள். கம்பெனி ஒப்பந்தத்தில் வேறு கோழி வளர்க்கக்கூடாது என்று இருக்கிறதா என்பதையும் படித்துவிடுங்கள்.

விடாமல் தொடர்வதானால் ஒரு நோட்டு போடுங்கள். தினமும் எத்தனை நொண்டி, எத்தனை இறப்பு, பதினைந்தாம் நாளும் முப்பதாம் நாளும் பார்த்த ஐம்பது பாதங்களில் எத்தனை கறுப்பு, காலை நெடி எப்படி, விளக்கு அணைத்த நேரம், தூக்க வேண்டிய நாள் எது, உண்மையில் தூக்கிய நாள் எது. கடைசி வரி முக்கியம். பல்லடத்தில் அறிவிக்கும் கறிக்கோழி விலை இறங்கும் வாரங்களில் லிஃப்டிங் தள்ளிப்போகும், கோழி கனத்துக்கொண்டே போகும், இடமும் காலும் தாங்காது. அந்த நொண்டலும் அந்த இறப்பும் உங்கள் கவனக்குறைவால் வந்ததாகக் கணக்கில் எழுதப்படும். இரண்டு பேட்ச் நோட்டு கையில் இருந்தால், தாமதமான நாட்களின் இறப்பை வளர்ப்பவர் தலையில் எழுதாதீர்கள், முப்பத்தைந்தாம் நாளில் கனத்த கோழிகளில் ஒரு பகுதியைத் தூக்கி இடம் விடுங்கள் என்று ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது கேட்கலாம். பக்கத்துத் தோட்டத்தில் வளர்ப்பவர்களையும் இதே நோட்டு எழுதச் சொல்லுங்கள், நான்கு பேர் சேர்ந்து கேட்டால் சூப்பர்வைசர் மேலே சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. நார்க்கழிவை இப்போதே இறக்கிக் களத்தில் காயப்போடுங்கள், படுதாவைக் கீழிருந்து கட்டும் வேலையையும் ஷெட் காலியாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.